லண்டனுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம்?

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)



லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே எவ்வளவு தூரம்? இக்கேள்வியை இன்று யாரிடம் கேட்டாலும், "விமானத்தில் போனால் ஒன்றேகால் மணி நேரம்" என்று விடை வரும். கேட்டது தூரம், கிடைத்தது நேரம்! இதை நாம் ஒரு விந்தையாகக்கூட நினைப்பதில்லை. அந்த அளவுக்கு விஞ்ஞானம் நம் பேச்சையே மாற்றிவிட்டது.

அந்த விடை தவறென்று நான் சொல்ல வரவில்லை. அது முழு விடை ஆகாது என்பதே எனது தாழ்மையான கருத்து. தூரம் என்பது வரைபடத்தில் ஒன்றாக இருக்கிறது. கடிகாரத்தில் வேறொன்றாக இருக்கிறது. பயணம் செய்யும் மனிதரைப் பொறுத்து இன்னுமொன்றாக இருக்கிறது. இவற்றுள் மூன்றாவதைத்தான் நாம் அளக்க மறந்துவிடுகிறோம். இம்மூன்றையும் எடுத்துக்காட்டுவதற்கு லண்டனையும் பாரிஸையும்விடப் பொருத்தமான நகரங்கள் இல்லை. இரண்டும் இரு நாடுகளின் தலைநகரங்கள். இடையில் இருப்பதோ ஆங்கிலக் கால்வாய் என்னும் குறுகிய கடல். அதைக் கடக்க மனிதன் செய்யாத முயற்சியில்லை.

கணக்கு சொல்லும் தூரம்

முதலில் வரைபடத்தின் தூரத்தைக் காண்போம். இதற்கு அளவுகோல்கூட வேண்டாம். நாம் படிக்கும் பிதாகரஸ் தேற்றமே போதும்.

லண்டன் வட அட்சரேகை 51.51 டிகிரியிலும், பாரிஸ் 48.86 டிகிரியிலும் அமைந்துள்ளன. வேறுபாடு 2.65 டிகிரி. ஒரு டிகிரி அட்சத்திற்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோம். ஆகவே தெற்கு நோக்கி 294 கிலோமீட்டர் போகவேண்டும். லண்டன் கிரீன்விச் கோட்டுக்கு மேற்கே 0.13 டிகிரியிலும், பாரிஸ் கிழக்கே 2.35 டிகிரியிலும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் 2.48 டிகிரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருவதால், அப்பகுதியில் ஒரு டிகிரிக்கு 71 கிலோமீட்டர்தான். எனவே கிழக்கு நோக்கி 176 கிலோமீட்டர்.

இப்பொழுது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. 294-இன் வர்க்கத்தையும் 176-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 343 வருகிறது. நூல்களில் தரப்படும் அளவு 344 கிலோமீட்டர். எண்களைச் சுருக்கி எழுதியதால் வந்த ஒரு கிலோமீட்டர் வேறுபாட்டை நம் கணக்கு ஆசிரியை மன்னிப்பார் என்று நம்புகிறேன். காகிதமும் பென்சிலும் கொண்டு வகுப்பறையில் இருந்தபடியே இரு நகரங்களின் தூரத்தை அளந்துவிடலாம் என்பது மகிழ்ச்சியான செய்தி அல்லவா?

கடிகாரம் சொல்லும் தூரம்

அடுத்து விமானத்தின் நேரத்தைப் பார்ப்போம். பயணிகள் விமானம் உயரத்தில் பறக்கும்போது மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். 344 கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் 26 நிமிடம்கூட வரவில்லை. அப்படியானால் விமானக் கால அட்டவணையில் 1 மணி 15 நிமிடம் என்று போடுவானேன்?

காரணம் உண்டு. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்த நொடியிலிருந்து, சென்றடைந்த நிலையத்தில் தன் இடத்தில் வந்து நிற்கும் நொடிவரை உள்ள நேரத்தையே அட்டவணை காட்டுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு மேலே ஏறவேண்டும். ஏறி முடித்துச் சிறிது நேரம் ஆவதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத பாதைகள் வகுக்கப்பட்டிருப்பதால், நம் முக்கோணத்தின் கர்ணத்தைப் போல நேர்கோட்டிலும் பறக்க இயலாது. இறங்கிய பின்னும் ஊர்ந்து செல்லவேண்டும். இவை எல்லாம் சேர்ந்தே 26 நிமிடம் 75 நிமிடமாகிறது.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. பாரிஸ் கடிகாரம் லண்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஆகவே லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் பாரிஸில் 12.15-க்கு இறங்குவார். பாரிஸில் 10 மணிக்குப் புறப்பட்டவரோ லண்டனில் 10.15-க்கு இறங்கிவிடுவார்! பயணச் சீட்டை மட்டும் பார்ப்பவர், போகும்போது இரண்டேகால் மணி நேரம், வரும்போது கால் மணி நேரம் என்று நினைத்துக்கொள்ளலாம். கடிகாரம் பொய் சொல்லாது என்பார்கள். இரண்டு கடிகாரங்கள் சேர்ந்தால் நம்மை ஏமாற்றிவிடும் போலிருக்கிறது.

ஆனால் உண்மையான ஏமாற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பயணம் விமானத்தில் தொடங்குவதுமில்லை, விமானத்தில் முடிவதுமில்லை. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 24 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. பாரிஸின் சார்லஸ் டி கோல் நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது. வீட்டிலிருந்து நிலையத்துக்குச் செல்ல 1 மணி, சோதனைகளுக்காக முன்னதாகவே சென்று காத்திருக்க 2 மணி, விமானத்தில் 1 மணி 15 நிமிடம், இறங்கிக் குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டியை எடுக்க முக்கால் மணி, நகருக்குள் செல்ல இன்னொரு முக்கால் மணி என்று நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 5 மணி 45 நிமிடம் வந்தது. "ஒன்றேகால் மணி நேரம்" என்ற விடை மொத்தப் பயணத்தில் கால் பங்கைக்கூடத் தொடவில்லை!

இதே இரு நகரங்களுக்கும் இடையே யூரோஸ்டார் என்னும் அதிவேக ரயில் ஓடுகிறது. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் புறப்பட்டுக் கடலுக்கு அடியில் சென்று, பாரிஸின் வடக்கு ரயில் நிலையத்தை அடைகிறது. மிக விரைவான ரயில் இதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் 2 மணி 16 நிமிடம். இரண்டு நிலையங்களும் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. நிலையத்துக்குச் செல்லும் நேரத்தையும் சோதனைகளுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தாலும், ஏறத்தாழ 4 மணி அல்லது நாலேகால் மணி நேரத்தில் வீடுவிட்டு வீடு போய்ச் சேரலாம். வேகம் குறைந்த வாகனம் விரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆமையும் முயலும் ஓடிய கதையை நாம் சிறுவயதில் படித்தது வீண்போகவில்லை.

கடலை வென்றவர்கள்

இந்தத் தூரம் ஒரே நாளில் சுருங்கிவிடவில்லை. அதன் வரலாறு நாம் அறியவேண்டியது.

1785-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், பிரான்சு நாட்டு பிளான்சார்டும் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜெஃப்ரீஸும் பலூனில் ஏறி, இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சுக்குப் பறந்தார்கள். நடுக்கடலில் பலூன் தாழத் தொடங்கியது. கையிலிருந்த பொருள்களையெல்லாம் கடலில் எறிந்தார்கள். அதுவும் போதாமல் உடுத்தியிருந்த மேலுடைகளையும் களைந்து எறிந்துவிட்டு, நடுங்கும் குளிரில் கலே நகருக்கு அருகே ஒரு காட்டில் இறங்கினார்கள். இரண்டரை மணி நேரப் பயணம் அது.

1909 ஜூலை 25-இல் லூயி பிளேரியோ என்பவர் விமானத்தில் இக்கடலை முதன்முதலாகக் கடந்தார். எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 37 நிமிடம். 1912 ஏப்ரல் 16-இல் ஹாரியட் குவிம்பி என்னும் அமெரிக்கப் பெண்மணி தாமே விமானம் ஓட்டி இக்கடலைக் கடந்த முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். ஆனால் அதற்கு முந்தைய நாள்தான் டைட்டானிக் கப்பல் மூழ்கியிருந்தது. பத்திரிகைகள் எல்லாம் அத்துயரச் செய்தியால் நிரம்பியிருந்தன. குவிம்பி அம்மையாரின் சாதனைக்கு இடமே கிடைக்கவில்லை. பெண்களாகிய நாமாவது அவரை நினைவில் வைப்போம்.

நம் நாட்டுப் பெண்ணொருத்தியும் இந்த வரிசையில் இருக்கிறார். கல்கத்தாவைச் சேர்ந்த ஆரத்தி சாகா 1959 செப்டம்பர் 29-இல் பிரான்சுக் கரையிலிருந்து இங்கிலாந்துக் கரைக்கு நீந்திச் சென்றார். ஆசியாவிலேயே இக்கடலை நீந்திக் கடந்த முதல் பெண் அவர். அதே ஆண்டில் முதல் முயற்சி தோற்றபோதும் அவர் மனம் தளரவில்லை. அவர் நீந்திய நேரம் 16 மணி 20 நிமிடம். பிளேரியோவுக்கு 37 நிமிடமாக இருந்த கடல், கையாலும் காலாலும் கடந்தவருக்கு எத்தனை அகலமாக இருந்திருக்கும்!

1919 ஆகஸ்ட் 25-இல் லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே அன்றாட விமானப் போக்குவரத்து தொடங்கியது. நாடு விட்டு நாடு நாள்தோறும் குறித்த நேரத்தில் பறக்கும் ஏற்பாடு உலகில் தோன்றியது அப்பொழுதுதான். அன்று காலை சென்ற சிறிய விமானத்தில் ஒரே ஒரு பயணியும் சில பொதிகளும் மட்டுமே. பறந்த நேரம் ஏறக்குறைய இரண்டரை மணி. இன்றைய ரயில் அந்த விமானத்தைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

அந்த ரயிலுக்கு வழிவிட்டது கடலடிச் சுரங்கப் பாதை. அதன் நீளம் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; அதில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் இருக்கிறது. இரு நாட்டுத் தொழிலாளர்களும் இரு கரைகளிலிருந்தும் தோண்டிக்கொண்டே வந்தார்கள். 1990 டிசம்பர் 1-இல் நடுவில் சந்தித்து, சிறு துவாரத்தின் வழியே கைகுலுக்கிக்கொண்டார்கள். 1994 மே 6-இல் எலிசபெத் அரசியாரும் பிரான்சு ஜனாதிபதி மித்தரானும் சேர்ந்து அதைத் திறந்துவைத்தனர். பல நூற்றாண்டுகள் போரிட்ட இரு நாடுகள் மண்ணுக்கடியில் கைகுலுக்கிய அந்தக் காட்சியே, தூரம் எப்படிக் குறையவேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பூமி கொடுக்கும் விலை

இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இத்தூரத்தைக் கடக்க யார் விலை கொடுக்கிறார்கள்? சீட்டு வாங்கியவர் மட்டும்தானா?

விமானம் தரையிலிருந்து மேலே ஏறும்போதுதான் எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறது. நெடுந்தூரம் செல்லும் விமானத்தில் அச்செலவு பல்லாயிரம் கிலோமீட்டரில் பரவிவிடும். ஏறியதும் இறங்கிவிடும் குறுகிய பயணத்திலோ ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகச் சுமை விழுகிறது. லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் செல்லும் ஒருவரால் வெளிப்படும் கரியமில வாயு, விமானத்தில் செல்லும் ஒருவரால் வெளிப்படுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கணக்கிடுகிறார்கள்.

பிரான்சு நாடு இதை உணர்ந்து, 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய உள்நாட்டு ஊர்களுக்கு விமானம் விடக்கூடாது என்பது அதன் சாரம். அதன்படி பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகிய மூன்று நகரங்களுக்குச் செல்லும் விமானங்கள் நின்றன. "மூன்று வழித்தடங்கள்தானா?" என்று சிலர் குறைகூறினார்கள். குறை நியாயமே. ஆயினும், வேகம் ஒன்றே அளவுகோல் அன்று என்று ஒரு நாடு சட்டம் இயற்றிச் சொன்னது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், பூமியை நம் அனைவரின் பொது இல்லமாகக் கருதவேண்டும் என்று கற்பித்தார். பூமிக்கு நேரும் கேட்டினால் முதலில் துன்புறுவோர் ஏழைகளே என்பதையும் அதில் வலியுறுத்தினார். 26 நிமிடத் தூரத்தைப் பறந்து கடப்பவர் ஒருவர். அதனால் வெப்பமாகும் உலகில் வெள்ளத்திலும் வறட்சியிலும் வாடுபவர் வேறொருவர். அந்த வேறொருவர் ஒருநாளும் விமானத்தில் ஏறாதவராகவும் இருக்கலாம்.

விமானமே கூடாது என்பது என் கருத்தன்று. சாகக் கிடக்கும் தாயைக் காண விரையும் மகளுக்கும், அவசர மருந்து கொண்டுசெல்லும் மருத்துவருக்கும் விமானம் இறைவன் மனித அறிவின் வழியாகத் தந்த கொடையே. கடல்களையும் கண்டங்களையும் கடக்க வேறு விரைவான வழியும் இல்லை. ஆனால் தரைவழி நன்றாக இருக்கும்போது, பெருமைக்காகவோ பழக்கத்துக்காகவோ பறப்பது தேவைதானா என்று கேட்கிறேன்.

கதவு சொல்லும் தூரம்

கடைசியாக, நான் மிக முக்கியமாகக் கருதும் தூரத்துக்கு வருகிறேன். இதை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் உள்ள தூரம் எல்லாருக்கும் ஒன்றா? இல்லவே இல்லை. பிரிட்டன் 2020 ஜனவரி 31-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியது. 2021 அக்டோபர் முதல், பிரான்சு நாட்டவர் பெரும்பாலோர் அடையாள அட்டையை மட்டும் காட்டி லண்டனுக்குச் செல்ல முடியாது, பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் முன்னனுமதியும் வேண்டும். கிலோமீட்டர் கூடவில்லை, தூரம் கூடிவிட்டது! நம் நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இன்னும் அதிக தூரம். லண்டன் செல்ல விசா பெற்றவர் அதைக் கொண்டு பாரிஸுக்குப் போக முடியாது. அதற்கு வேறொரு விசா வேண்டும். விண்ணப்பம், கட்டணம், வங்கிக் கணக்கு, வாரக்கணக்கில் காத்திருப்பு என்று 344 கிலோமீட்டர் நீண்டுகொண்டே போகிறது.

யூரோஸ்டார் சென்று நிற்கும் பாரிஸ் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் லா ஷப்பேல் என்னும் பகுதி வரும். அங்கே கடைகளில் தமிழ் எழுத்துகளைக் காணலாம். 1983-ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைக்க ஓடிய தமிழ் மக்கள் அங்கே வாழ்கின்றனர். அவர்களுடைய உறவினர் பலர் லண்டனில் வாழ்கின்றனர். அண்ணன் ஓரிடத்திலும் தங்கை ஓரிடத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. உரிய ஆவணம் கையில் வரும்வரை, இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் உடன்பிறப்பைப் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு, "ஒன்றேகால் மணி நேரம்" என்ற விடை எப்படி இருக்கும்?

இதனினும் துயரமானது ஒன்றைச் சொல்லவேண்டும். டோவருக்கும் கலே பகுதிக்கும் இடையே கடல் மிகக் குறுகிய இடத்தில் 33 கிலோமீட்டர்தான். சுரங்கப் பாதையில் காரை ரயிலில் ஏற்றிக்கொண்டு 35 நிமிடத்தில் அக்கரை சேரலாம். ஆனால் போரினாலும் வறுமையினாலும் சொந்த நாட்டைவிட்டு வந்து, சீட்டு வாங்க வழியில்லாத மக்கள், காற்றடைத்த ரப்பர் படகுகளில் இரவில் அக்கடலைக் கடக்க முயல்கிறார்கள். 2021 நவம்பர் 24-இல் அத்தகைய படகு ஒன்று மூழ்கியது. குறைந்தது 27 பேர் இறந்தனர். அவர்களுள் பெண்கள் இருந்தனர், சிறுவர்களும் இருந்தனர். மூழ்குமுன் அவர்கள் இரண்டு நாட்டுக் கரைகளுக்கும் தொலைபேசியில் உதவி கேட்டு அழைத்தார்கள். உதவி வந்து சேரவில்லை. அவர்களுக்குக் கீழே, அதே கடலுக்கு அடியில் இருக்கும் பாதை, விளக்கு எரியும் பெட்டிகளில் மக்கள் உறங்கிக்கொண்டும் பேசிக்கொண்டும் செல்லும் பாதை.

இப்போது சொல்லுங்கள் தோழியரே, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் எவ்வளவு தூரம்? ஒருவருக்கு 35 நிமிடம். இன்னொருவருக்கு அது முடியாத தூரம்.

"நாடு என்றால் எல்லை வேண்டாமா? காவல் வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேண்டும்தான். வீட்டுக்குக் கதவு வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏழைகளிடம் பணம் பறித்துக்கொண்டு ஓட்டைப் படகில் ஏற்றிவிடும் கொடியவர்களையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கதவைப் பூட்டியபின் வாசலில் ஒருவர் விழுந்து கிடந்தால், "இது என் எல்லையா, உன் எல்லையா" என்று பக்கத்து வீட்டாரோடு வழக்காடிக்கொண்டிருக்கலாமா? முதலில் தூக்கவேண்டும், பிறகு பேசலாம். இதுவே என் வாதம்.

திருத்தந்தை பிரான்சிஸ் பதவியேற்றபின் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதல் பயணம் எங்கே தெரியுமா? 2013 ஜூலை 8-ஆம் நாள், இத்தாலியின் தென்கோடியிலுள்ள லாம்பதூசா என்னும் சிறு தீவுக்குச் சென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து படகில் வந்து கடலில் மாண்ட அகதிகளுக்காக அங்கே திருப்பலி நிறைவேற்றி, அலைகளின் மேல் மலர்வளையம் ஒன்றை இட்டார். உலகின் பெரிய தலைநகரங்கள் எல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. அவற்றுக்கு முன்பாக இந்தத் தீவுக்குச் செல்வதையே அவர் தேர்ந்துகொண்டார்.

மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்ட நல்ல சமாரியன் உவமையை இங்கே நினைத்துப் பார்ப்போம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். குருவும் லேவியரும் அவன் அருகே வந்தார்கள். ஆனால் விலகிப் போனார்கள். அவர்களுக்கும் அவனுக்கும் இடையே இருந்தது சாலையின் அகலம் மட்டுமே. சமாரியனோ வேற்று இனத்தான். யூதர்கள் பேசவும் விரும்பாதவன். அவன்தான் அருகே வந்து காயங்களுக்குக் கட்டுப் போட்டான். யார் அடுத்தவர், யார் தூரத்தவர் என்று அந்த உவமையில் அளந்தது அளவுகோல் அன்று, இரக்கம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டவர் கற்பித்த பூகோளப் பாடம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவாக

இரண்டு ஊர்களின் தூரத்தைச் சொல்லும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். முதலாவது, அங்கே எத்தனை கிலோமீட்டர்? இரண்டாவது, வீடுவிட்டு வீடு சேர உண்மையில் எவ்வளவு நேரம், அதற்குப் பூமி கொடுக்கும் விலை என்ன? மூன்றாவது, இந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு மூடியிருக்கிறது? முதல் கேள்விக்குக் கணக்குப் பாடம் விடை தரும். இரண்டாவதற்குப் பூகோளமும் விஞ்ஞானமும் விடை தரும். மூன்றாவதற்கு விடை தேட மனச்சாட்சி வேண்டும்.

நம்மில் சிலர் நாளை விமானம் ஓட்டலாம். சிலர் பாலம் கட்டலாம். சிலர் அயல்நாட்டுத் தூதரகத்தில் அமர்ந்து விண்ணப்பங்களில் முத்திரை குத்தும் அதிகாரியாகலாம். சிலர் அருட்சகோதரியராகி முன்பின் அறியாத ஊர்களில் பணிபுரியலாம். எந்தப் பணியில் இருந்தாலும், தூரத்தைக் குறைக்கும் வாய்ப்பு நம் கையில் ஒருநாள் வந்தே தீரும். அன்று எத்தனை நிமிடம் மிச்சமாகும் என்று மட்டும் பார்க்காமல், யார் இன்னும் கரையிலேயே நிற்கிறார்கள் என்றும் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.